யார் யாரை என்ன செய்தார்

மேலாளர் தண்ணீர்க் கேனோடு சேர்ந்து விழுந்த அன்றைக்கு அவரைத் தள்ளிவிட வேண்டும் என்ற ஆசை தீக்குச்சிக்கு இல்லாமல் இல்லை. அந்த ஆசை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே இருந்தது. ஆனால் ஆசைப்படுவது வேறு, செய்வது வேறு. ஆசைப்பட்டவர்களையெல்லாம் வேலையை விட்டுத் தூக்குவதென்றால் அந்த அலுவலகத்தில் காவலாளி ஒருவர்தான் மிஞ்சுவார். அதுவும் அவர் தூங்கிக்கொண்டிருப்பதால்.

தீக்குச்சி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். ஆள் ஒல்லி, உரசினால் பற்றிக்கொள்வாள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். மொத்த வியாபார மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு அந்தப் பட்டத்தால் என்ன லாபம் என்று இன்றுவரை யாரும் விளங்கவைக்கவில்லை. அவள் படித்தது இயற்பியல். கிடைத்த வேலையோ நாளெல்லாம் படம் பார்ப்பது.

"படம் பாக்குறதுக்கா சம்பளம் தர்றான்?" என்று அப்பா கேட்டார்.

"பாத்து, அதுல என்ன நடக்குதுன்னு சொல்லணும்ப்பா."

"உங்க அம்மா அத சும்மாவே செய்வாளே."

வேலை உண்மையில் அப்படித்தான் இருந்தது. எங்கிருந்தோ படங்கள் வந்துகொண்டே இருக்கும். தெரு, சமையலறை, மைதானம், பள்ளிக்கூட வாசல். முகங்களை மங்கலாக்கி, நிறத்தை உறிஞ்சி, சுற்றுப்புறத்தை வெட்டி அனுப்புவார்கள். ஒரு படம் திரையில் இரண்டு விநாடி நின்றுவிட்டு மறையும். உடனே மூன்று கட்டங்கள் வரும். யார், யாரை, என்ன செய்கிறார். முதல் இரண்டில் ஆண், பெண், குழந்தை, நாய் என்று ஏதாவது. மூன்றாவதில் தள்ளுகிறார், இழுக்கிறார், அடிக்கிறார், அணைக்கிறார், தாங்குகிறார், ஊட்டுகிறார் என்று இருக்கிற வினைகளில் ஒன்றைத் தட்ட வேண்டும். இவர்கள் தட்டுவதையெல்லாம் தின்று எங்கோ ஒரு கணினி பார்க்கக் கற்றுக்கொள்கிறதாம்.

"ரெண்டு செகண்டு பத்துமா சார்?" என்று சேர்ந்த அன்றே கேட்டாள்.

"அதுவே அதிகம்" என்றார் மேலாளர். "கண்ணு வாக்கியமாத்தான்மா பாக்கும். பூனை நாயத் துரத்துது. நாய் பூனையத் துரத்துது. ரெண்டுலயும் அதே பூனை, அதே நாய். என்னிக்காவது மாத்திப் பாத்திருக்கியா? எவன் செய்யறான், எவன் வாங்கிக்கறான்னு கண்ணு மொதல்லயே பிரிச்சு வெச்சிடும். நடுவுல மூளைய விட்டாத்தான் குழப்பம். அதனால இங்க யோசிக்கக் கூடாது."

"அதுக்கு எதுக்கு சார் பட்டதாரி வேணும்னு விளம்பரம் போட்டீங்க?"

மேலாளர் அவளுடைய பெயருக்கு எதிரே ஏதோ குறித்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. எரிச்சலே அதுதான். கொஞ்ச நாளில் அவளுக்கே அந்த இலக்கணம் பிடிபட்டுவிட்டது. கையை நீட்டி முன்னால் சாய்ந்திருப்பவர் எழுவாய். பின்னால் சாய்ந்து வாயைப் பிளந்திருப்பவர் செயப்படுபொருள். முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், எந்த நாட்டுக்காரராகவும் இருக்கட்டும். கோப்பைக்குள் கரண்டி, பைக்குள் பூனைக்குட்டி, தொட்டிக்குள் தாத்தா என்று அடுத்தடுத்து வந்தால் மூன்றும் ஒரே படம் மாதிரி இருக்கும். கண்ணுக்கு ஆள் முக்கியமில்லை. எது எதற்குள், எவர் எவர் மேல் என்பதுதான் முக்கியம். பேருந்தில் போகும்போதும் அவளுக்குக் கட்டங்கள் தெரிய ஆரம்பித்தன. நடத்துநர், பயணியை, தள்ளுகிறார். வீட்டுக்கு வந்தால் அம்மா, அப்பாவை, முறைக்கிறார். முறைப்பதற்குக் கட்டத்தில் வினை இல்லாததால் அம்மாவைப் பதிய முடியாமல் போனது.

ஒவ்வொரு படமும் மூன்று பேருக்குப் போகும். எந்த மூன்று பேர் என்பதை இயந்திரமே தேர்ந்தெடுக்கும். மூவரும் ஒரே பதிலைத் தட்டினால் படத்தின் மூலையில் பச்சைப் புள்ளி விழும். பச்சை என்றால் உண்மை. அதற்கு மேல் பேச்சே கிடையாது. "மூன்று கண்கள், ஒரே உண்மை" என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

"மூணு பேருக்கு ஆறு கண்ணு சார்" என்று தீக்குச்சி சொன்னாள். அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

இப்படிக் குறிப்பு சேர்ந்துகொண்டே போக, தகுதிகாண் காலம் முடிகிற வாரம் வந்தது. அந்த வாரம் மேலாளர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அவளுக்கு வீட்டுக்குப் போவது பற்றிப் பயமில்லை, வேறு வேலை தேடிக்கொள்வாள். பயமெல்லாம் தங்கை பற்றித்தான். பள்ளி முடித்துவிட்டுக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தங்கை. அப்பா கையெழுத்துப் போட மறுத்தார். "பெரியவ வேல நெரந்தரமாகட்டும். ஒருத்தியப் படிக்க வெச்சு என்னத்தக் கண்டோம்னு தெரியாமலே இன்னொருத்திய அனுப்ப நான் என்ன கேனயா?" விண்ணப்பத்துக்கும் அந்த வாரத்தோடு கெடு முடிகிறது.

"அக்கா, ஒரே ஒரு வாரம். வாயத் தொறக்காம இரு" என்று தங்கை தினமும் காலையில் செருப்பு மாட்டும்போது சொல்லி அனுப்பினாள்.

தீக்குச்சி வாயைத் திறக்கவில்லை. கைகளைப் பற்றித் தங்கை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

நடந்தது இதுதான். மதிய நேரம், எல்லோரும் சாப்பிட மொட்டைமாடிக்குப் போயிருந்தார்கள். குளிர்சாதனக் காற்று நேராக மேலாளரின் வழுக்கையில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஓர் அட்டையையும் ஒட்டும் பட்டையையும் எடுத்துக்கொண்டு, சக்கரம் வைத்த நாற்காலியில் ஏறி நின்று, காற்றுத் துவாரத்தை அடைக்கப் பார்த்தார். "நாற்காலிகளில் ஏறி நிற்கக் கூடாது" என்று அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டிய அறிவிப்பு அவர் முழங்காலுக்கு நேரே இருந்தது. நிரந்தரக் கடிதம் தயாராகிவிட்டதா என்று கேட்க உள்ளே வந்த தீக்குச்சி அவர் இறங்கட்டும் என்று பொறுத்து நின்றாள்.

"என்னம்மா?" என்று அவர் திரும்பினார். நாற்காலி அவரோடு திரும்பவில்லை. அது தனி வழியில் போனது. அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தாள். விரல் நுனியில் சட்டை பட்டது, அவ்வளவுதான், வழுக்கிவிட்டது. மேலாளர் தண்ணீர்க் கேனைக் கட்டிக்கொண்டு தரைக்குப் போனார். மணிக்கட்டு முறிந்தது. கேனும் உடைந்தது.

மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர் "நாற்காலி ஓடிடுச்சு, நாற்காலி ஓடிடுச்சு" என்றுதான் புலம்பினார். அதற்குச் சாட்சி காவலாளி, அவரோ அரைத்தூக்கத்தில். மாவுக்கட்டோடு திரும்பி வந்த பிறகுதான் கண்காணிப்பு கேமராவின் ஞாபகம் வந்தது. அது வீடியோ எடுக்க வக்கில்லாத மலிவுக் கேமரா. சில விநாடிக்கு ஒருமுறை ஒரு படம் எடுத்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். அதில் அந்தப் படம் இருந்தது. தீக்குச்சி ஒரு காலை முன்வைத்து, இரண்டு உள்ளங்கையும் விரிய, கைகளை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டியிருக்கிறாள். அவர் பின்னால் சாய்ந்து, வாயைப் பிளந்து, காற்றில் இருக்கிறார்.

மேலாளர் அதை ஒருமுறைதான் பார்த்தார். அதற்குப் பிறகு நாற்காலி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. பொய் சொல்கிறவனை மடக்கிவிடலாம். கண்ணால் கண்டேன் என்கிறவனை என்ன செய்வது? நெஞ்சில் அவள் கை பட்ட இடம்கூட அவருக்கு வலிக்க ஆரம்பித்துவிட்டது. அதற்குத் தைலம் தடவினார்.

இருந்தாலும் அவர் நியாயஸ்தர். தன் வாயால் குற்றம் சாட்டக் கூடாது என்று நினைத்தார். அந்த அலுவலகத்தில் உண்மையைக் கண்டுபிடிப்பதற்கு என்று ஒரு வழி இருக்கும்போது எதற்கு வாய்ச்சண்டை? முகங்களை மங்கலாக்கினார், நிறத்தை எடுத்தார், சுவரையும் நாற்காலியையும் தெரியாதபடி வெட்டினார். ஆயிரம் படங்களோடு அதையும் வரிசையில் விட்டுவிட்டார். மாலைக்குள் பச்சைப் புள்ளி விழுந்தது. பெண், ஆணை, தள்ளுகிறார்.

மறுநாள் காலையில் அவளை முதலாளியம்மாவின் அறைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் முதலாளியம்மா எப்போதாவதுதான் அலுவலகத்துக்கு வருவார். வந்தால் யாராவது ஒருவர் போவார்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தவளை, பக்கத்து இருக்கை அக்கா கழிவறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். தடிமனான கண்ணாடி போட்டவள், அதனால் சோடாபுட்டி அக்கா.

"ஏன்டி, அந்த மூணு பேரு யாருன்னு பாத்தியா?"

"யாரு?"

"எந்தப் பதில யாரு தட்டுனதுன்னு நம்பர் இருக்கும்ல. எனக்குப் பாக்கத் தெரியும். ஒண்ணு நானு."

"நீயாக்கா? அடப்பாவி."

"எனக்கென்ன தெரியும் அது நீதான்னு. மொகமே இல்ல. ஆனா தள்ளுனது நல்லாத் தெரிஞ்சுது, அத மறைக்க முடியாது." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டாவது அந்தக் கடைசி வரிசைத் தம்பி. மூணாவது நம்பர் உன்னோடது."

"என்னோடதுன்னா?"

"நீதான்டி தட்டியிருக்க. பெண், ஆணை, தள்ளுகிறார். ரெண்டு செகண்டுகூட எடுத்துக்கல."

தீக்குச்சி போய்த் தன் கணினியில் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாள். இப்போது தெரிந்தே பார்த்தாள், அது தான், அது அவர், இதற்குப் பிறகு அவர் விழப்போகிறார், தான் பிடிக்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள். கண் கேட்கவில்லை. பெண் தள்ளுகிறாள். அதுவும் நன்றாக, மனசாரத் தள்ளுகிறாள். ஒரு நிமிடம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை தள்ளித்தான் தொலைத்தோமா?

"நம்பர அழிச்சிடட்டுமா?" என்றாள் அக்கா. "அவரு பச்சைய மட்டும்தான் பாப்பாரு. நம்பர் பக்கமே போக மாட்டாரு. வேற யாரு நம்பரையாவது போட்டுடறேன். நீயே உன்னத் தள்ளுனவன்னு சொன்னது தெரிஞ்சா, அதுக்கப்புறம் அந்த அம்மா எதையும் கேக்காது."

தீக்குச்சி யோசித்தாள். அந்த அலுவலகத்தில் செய்யக்கூடாத காரியம். யோசித்துவிட்டு, "அழிக்காத. அது ஒண்ணுதான் என் கையில இருக்கு" என்றாள்.

கண்ணாடி அறையில் மேடம் நடுவில். மேலாளர் மாவுக்கட்டுக் கையை மேசை மேல் கண்காட்சிப் பொருள் போல வைத்துக்கொண்டு பக்கத்தில். கடிதம் ஒன்று அல்ல, இரண்டு இருந்தன. நிரந்தரமாக்குவதற்கு ஒன்று, நீக்குவதற்கு ஒன்று. இரண்டிலும் கையெழுத்து இல்லை.

"சொல்லும்மா. ஏன் தள்ளுன?" என்றார் மேடம்.

"தள்ளல மேடம். பிடிக்கப் போனேன்."

"பிடிக்கப் போன மாதிரி இல்லையே."

"இருக்காது மேடம்."

மேலாளர் இருமினார். "மேடம், நான் என் வாயால ஒண்ணும் சொல்ல வரல. மூணு பேரு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, யாரோட படம்னும் தெரியாம, ஒரே பதில். பச்சை. இதுக்கு மேல என்ன இருக்கு? இதத்தான நம்ம வெளிய விக்கறோம்?"

மேடம் தலையை ஆட்டினார். நீக்கும் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அந்த மூணு பேருல ஒருத்தி நானுதான் மேடம்" என்றாள் தீக்குச்சி.

மேடத்தின் பேனா நின்றது. "எந்த மூணு பேருல?"

"தள்ளுகிறார்னு தட்டுன மூணு பேருல. நம்பர் இருக்கு, பாத்துக்கங்க."

"நீயே ஒத்துக்கற?"

"என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அங்க இருந்தவளே நானு. என் கை, என் காலு. இருந்தும் ரெண்டு செகண்டுல நானே என்னப் பாத்து தள்ளுறான்னு தட்டியிருக்கேன். இப்பக்கூடப் பாத்தா அப்படித்தான் தெரியுது. நடந்தது தெரிஞ்ச எனக்கே கண்ணு இப்படிப் பொய் சொல்லுதுன்னா, தெரியாத ரெண்டு பேரு சொன்னதுக்கு என்ன மதிப்பு மேடம்? கைய நீட்டுனவ செய்யறவ, சாஞ்சவரு வாங்கிக்கறவரு. கண்ணுக்குத் தெரிஞ்ச வாக்கியம் அவ்வளவுதான். பிடிக்கப் போய் கை நழுவிப் போச்சுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. நம்ம கட்டத்துலயும் அந்த வினை கிடையாது."

"பேச்ச மட்டும் கேளுங்க மேடம்" என்றார் மேலாளர். "பிடிக்கறதுக்கும் தள்ளறதுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒரு மனுஷனுக்கு?"

"அப்ப மறுபடி செஞ்சு பாக்கலாம் சார். அதே எடம், அதே கேமரா, அதே நாற்காலி."

மேடம் வியாபாரி. செலவில்லாத யோசனை எதையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் பிடிக்கிற பெண்ணாகத் தீக்குச்சி நடிக்கக் கூடாது, ஏமாற்றுவாள் என்று மேலாளர் ஆட்சேபித்தார். அக்காவைக் கூப்பிட்டால் அவள் கட்சி. மேடம் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நானே பிடிக்கறேன். என் கண்ணால பாக்காம நான் எதையும் நம்ப மாட்டேன்."

விழுவதற்குக் காவலாளியை எழுப்பினார்கள்.

"நான் எதுக்கு மேடம் விழணும்?"

"மேடம் உன்னப் பிடிப்பாங்கப்பா."

"பிடிச்சுடுவாங்களா?"

"முயற்சி பண்ணுவாங்க" என்றாள் தீக்குச்சி. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

காவலாளி நல்ல கனம். வரவேற்பறை மெத்தைகளையெல்லாம் கொண்டுவந்து தரையில் அடுக்கி, அவரை நாற்காலியில் ஏற்றி, வேடிக்கை பார்க்க வந்த அக்கா கீழே குனிந்து நாற்காலியைத் தள்ளிவிட்டாள். அவர் விழுந்தார். மேடம் பாய்ந்தார். கேமரா தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை கேமரா விழித்திருந்தது, மேடம் பாய மறந்துவிட்டார். அடுத்த முறை மேடம் முன்கூட்டியே பாய்ந்தார், காவலாளி விழவில்லை, கெட்டியாக அலமாரியைப் பிடித்துக்கொண்டார். ஒரு கட்டத்துக்கு மேல் மேடத்துக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இப்ப விழு, இப்ப விழு" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். ஒருவழியாக எல்லாம் கூடிவந்தபோது காவலாளிக்கு விழுவதில் பயமே போயிருந்தது. நன்றாக வாயைத் திறந்துகொண்டு விழுந்தார்.

படத்தை எடுத்து, முகத்தை மங்கலாக்கி, வெட்டி, வரிசையில் விட்டார்கள். பக்கத்து அறையில் ஒன்றும் தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தவர்களிடம் அது போனது. எல்லோரும் மேடத்தின் திரையைச் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். பச்சைப் புள்ளி விழுந்தது.

பெண், ஆணை, தள்ளுகிறார்.

"நான் எங்க தள்ளுனேன்?" என்றார் மேடம்.

காவலாளி பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, நான் உன்னத் தள்ளுனனா?"

"இல்ல மேடம்" என்றார் காவலாளி. பிறகு திரையை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. மெதுவாக நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ஆனா மேடம், கொஞ்சம் வேகமாத்தான் வந்தீங்க."

மேடம் படத்தை உற்றுப் பார்த்தார். முகமில்லாத ஒரு பெண், இடுப்பில் முந்தானை செருகி, ஏழைத் தொழிலாளி ஒருவரை இரண்டு கையாலும் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "இத அழி" என்றார்.

"பச்ச விழுந்தா அழிக்க முடியாது மேடம். நீங்கதான் அந்த விதியப் போட்டீங்க" என்று மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆனால் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "இருக்கட்டும் மேடம். பிடிக்கறது தள்ளற மாதிரி தெரியுதுன்னே வெச்சுக்குவோம். அதுக்காக இந்தப் பொண்ணு தள்ளலன்னு ஆயிடுமா? நெஜமா தள்ளுனா அதவிடத் தெளிவாத் தெரியும். அதையும் பாத்துடலாம். தள்ளச் சொல்லுங்க."

"யார சார் தள்ளணும்?" என்றாள் தீக்குச்சி.

"என்னத்தான்."

அக்கா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். இதை நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

வரவேற்பறைச் சோபாவைக் கேமராவுக்கு எதிரே இழுத்துப் போட்டு, மேலாளரை அதற்கு முன்னால் நிறுத்தினார்கள், விழுந்தால் உட்கார்ந்துவிடுகிற மாதிரி. மாவுக்கட்டுக் கையைப் பத்திரமாக உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு வேகமா சார்?"

"நியாயமாத் தள்ளும்மா. நடிக்கக் கூடாது."

அவள் நடிக்கவில்லை. 'யோசிக்கக் கூடாது' என்று சொன்னதற்கு ஒன்று, பெயருக்கு எதிரே குறித்ததற்கெல்லாம் ஒன்று, விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தங்கைக்காக ஒன்று என்று எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளினாள். மேலாளர் சோபாவில் போய் விழுந்து, ஒருமுறை எகிறி, மறுபடி உட்கார்ந்தார். விழுந்த வேகத்தில் மாவுக்கட்டுக் கை எதிலாவது இடித்துவிடப் போகிறதே என்று அவள் குனிந்து அதைப் பிடித்தாள். அது மட்டும் யோசிக்காமல் செய்தது. கேமரா அப்போதுதான் கண் விழித்தது.

மூன்றாவது படமும் பக்கத்து அறைக்குப் போனது. பச்சை விழுந்தது.

பெண், ஆணை, தாங்குகிறார்.

மேலாளர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். நெஞ்சு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது அவருக்கு. திரையிலோ ஒரு நல்ல பெண் முடியாத ஒருவரைக் கைத்தாங்கலாக உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் இளகியது.

"தேங்க்ஸ்ம்மா" என்றார் தன்னை அறியாமல்.

"பரவால்ல சார்."

அதற்குப் பிறகு மேடம் வேகமாக முடிவெடுத்தார். காரணம் நியாயம் அல்ல, காவலாளியைக் கவிழ்க்கும் அந்தப் பெண். அந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்றால் பச்சையும் தப்பாகலாம் என்று எழுத்தில் ஒத்துக்கொண்டாக வேண்டும். அப்படி ஒத்துக்கொண்டால் தீக்குச்சியின் படமும் போகும். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை அழிக்க வழி இருக்கிறதா என்று அவர் நிறையக் கேட்டுப் பார்த்தார். இல்லை என்று ஆனதும் இரண்டையும் அழிக்கச் சொல்லிவிட்டு, மேலாளர் பக்கம் நிரந்தரக் கடிதத்தை நகர்த்தினார். மேலாளர் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். தீக்குச்சி வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"மத்த படமெல்லாம் மேடம்? நம்ம இதுவரைக்கும் பச்ச குத்தி அனுப்புனதெல்லாம்? அதுல எத்தன பேரு பிடிக்கப் போனவங்களோ."

"அவங்கள்லாம் இங்க வந்து கேக்கப் போறாங்களா?" என்றார் மேடம்.

"நான் கேக்கறேன் மேடம்."

"உனக்கு இப்பத்தான் வேல நெரந்தரமாச்சு."

"அதனாலதான் கேக்கறேன். இதுக்கு முன்னால கேட்டிருந்தா வேல போயிருக்கும்."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் மூன்றாவது கட்டத்தில் 'பிடிக்க முயல்கிறார்' என்று ஒரு வினையும் 'தெரியவில்லை' என்று ஒன்றும் சேர்க்க ஒப்புக்கொண்டார். "தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்கு மேடம் பட்டதாரி?" என்று மேலாளர் கேட்டுப் பார்த்தார். அன்று மாலையே குத்துச்சண்டைப் படம் ஒன்றுக்குச் சோடாபுட்டி அக்கா 'பிடிக்க முயல்கிறார்' என்று தட்டினாள். கடைசி வரிசைத் தம்பி எல்லாவற்றுக்கும் 'தெரியவில்லை' என்று தட்டிவிட்டுச் சீக்கிரமாக வீட்டுக்குப் போய்விட்டான்.

வீட்டில் அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். தீக்குச்சி கடிதத்தைக் கொடுத்தாள். தங்கை அதை உரக்கப் படித்துக் காட்டினாள், நிரந்தரம் என்ற சொல்லை இரண்டு தடவை.

"எல்லாம் சரி" என்றார் அப்பா. "காகிதத்துல என்ன வேணா எழுதுவான். அந்த ஆபீசுல நீ அப்படி என்னதான் பண்ற? அதச் சொல்லு மொதல்ல."

தங்கை பொறுமை இழந்து அக்காவின் கைபேசியைப் பிடுங்கி, மேலாளர் விழுகிற அந்த முதல் படத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். படம் அழியும் முன் தீக்குச்சி அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்திருந்தாள். "இதுதான்ப்பா அவ மேனேஜரு. இது அக்கா."

அப்பா இரண்டு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"தள்ளிட்டியா?"

"இல்லப்பா" என்றாள் தீக்குச்சி. நாற்காலி, சக்கரம், குளிர்காற்று, காவலாளி, மேடம், கண் எப்படி ஆளைப் பார்க்காமல் அமைப்பைப் பார்த்து வாக்கியம் கட்டுகிறது என்பது, எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினாள். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் இவ்வளவு நேரம் அவள் பேச்சைக் கேட்டதே இல்லை. முடித்ததும் கைபேசியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"காலு சரியில்ல" என்றார். "முன்னங்கால மடிச்சு, இடுப்புலேர்ந்து தள்ளணும். நீ தோளுல தள்ளியிருக்க. ஆனா ஆளு போயிட்டான், அதச் சொல்லணும்."

"அப்பா, நான் பிடிக்கத்தான்..."

"அவன இப்படித் தள்ளிவிட்டும் அவன் கையாலயே நெரந்தரம்னு எழுதி வாங்கிட்டு வந்திருக்க." கடிதத்தின் கோணல் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நானும் இத்தன வருஷமா ஒருத்தனத் தள்ளணும்னு பாக்கறேன். முடியல. அப்ப அந்தப் படிப்புல என்னமோ இருக்குது." தங்கை பக்கம் திரும்பினார். "எங்கடி அது? எங்க போடணும் கையெழுத்து?"

தீக்குச்சி வாயைத் திறந்தாள். அலுவலகம் முழுக்கத் திருத்திவிட்டு வந்தவளுக்கு இங்கே ஒரே ஓர் ஆள் பாக்கி. படத்தை எடுத்து, வெட்டிப்போன சுவரும் நாற்காலியும் எங்கே இருந்தன என்று காட்டி, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும். தங்கை ஏற்கெனவே விண்ணப்பத்தை விரித்து, அப்பாவின் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்துவிட்டிருந்தாள். அவள் அக்காவைப் பார்த்த பார்வைக்கு எந்தக் கட்டத்திலும் வினை கிடையாது.

"பேனா எழுதலயே" என்றார் அப்பா.

"குடுங்கப்பா" என்று தீக்குச்சி அதை வாங்கி, உதறி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இப்ப எழுதும்."

"முன்னங்கால மடிக்கணும், ஞாபகம் வெச்சுக்க" என்று அப்பா கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"சரிப்பா" என்றாள்.